சந்தியாகோ: ‘புனிதர்’ பட்டம் ஒட்டிக்கொண்ட ஒரு பெயர்

கொலம்பியாவின் கால்பந்து வீரர் ஹாமெஸ் ரொட்ரிகெஸின் சட்டை முதுகில் ஆங்கில எழுத்தில் ‘ஜேம்ஸ்’ என்றுதான் இருக்கும். ஸ்பானிய வர்ணனையாளர் அதை ‘ஹாமெஸ்’ என்று படிப்பார். ஸ்பெயின் அணிக்கு ஆடியவர் யாகோ அஸ்பாஸ். பிரேசிலின் தடுப்பாட்டக்காரர் தியாகோ சில்வா. அர்ஜென்டினாவுக்கு ஒரு தியேகோ மரடோனா. ரியால் மாட்ரிட் அணியின் மைதானத்துக்கோ சந்தியாகோ பெர்னபேவு என்று பெயர். இவையெல்லாம் வெவ்வேறு பெயர்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருப்போம். ஆனால் இந்த ஐந்தில் நான்கு சந்தேகமில்லாமல் ஒரே பெயர். ஐந்தாவதான தியேகோ பற்றி ஆய்வாளர்களுக்குள்ளேயே தகராறு.

இந்தப் பெயர் அடிக்கடி செய்தியில் அடிபடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகருக்கு, 2024இல் மட்டும் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் திருப்பயணம் போய்ச் சான்றிதழ் வாங்கினார்கள். ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வரும் ஆண்டை அங்கே புனித ஆண்டு என்பார்கள். 2021க்கு அடுத்து 2027 அப்படிப்பட்ட ஆண்டு. அப்போது கூட்டம் இன்னும் கூடும்.

சரி, ‘சந்தியாகோ’ என்றால் என்ன? சுருக்கமான பதில்: ‘புனித யாக்கோபு’. ஆனால் இந்தச் சுருக்கமான பதிலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உலகத்தில் எத்தனையோ பெயர்கள் புனிதர்களிடமிருந்து வந்தவை. பேதுரு, பவுல், அந்தோனி என்று பிள்ளைக்குப் பெயர் வைப்பவர்கள் ‘புனித’ என்ற பட்டத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பெயரில் மட்டும் பட்டமும் சேர்ந்தே வந்துவிட்டது. தமிழில் இதற்கு நெருக்கமாகச் சொல்வதானால் ‘ஸ்ரீராம்’. ‘ஸ்ரீ’ என்பது மரியாதை அடைமொழி என்பதே யாருக்கும் நினைவில்லை. கல்யாணப் பத்திரிகையில் ‘திரு. ஸ்ரீராம்’ என்று சாதாரணமாக அச்சடிக்கிறோம்.

அடி வேர்: குதிகாலா, காவலா?

எல்லாவற்றுக்கும் மூலம் எபிரேயப் பெயரான ‘யாகோவ்’. பழைய ஏற்பாட்டில் ஈசாக்கின் இரட்டைப் பிள்ளைகளில் இளையவர் யாக்கோபு. அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே பிறந்தார் என்கிறது ஆதியாகமம். எபிரேயத்தில் குதிகாலுக்கு ‘அகேவ்’ என்று பெயர். அதனால் ‘குதிகாலைப் பிடித்தவன்’, பின்னால் வஞ்சகம் செய்து ஆசீர்வாதத்தைப் பறித்ததால் ‘எத்தன்’ என்று பொருள் சொல்வது வழக்கம். தமிழ்ப் பிரசங்கங்களிலும் ‘யாக்கோபு என்றால் எத்தன்’ என்பதைக் கேட்டிருப்பீர்கள்.

மொழியியலாளர்கள் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை. அந்தக் காலத்து மேற்காசியப் பெயர்களில் கடவுள் பெயரைச் சேர்த்து ஒரு வேண்டுதலாக வைப்பது பொதுவான பழக்கம். ‘கடவுள் காப்பாராக’ என்ற பொருளில் ‘யாகூப்-எல்’ போன்ற முழுப்பெயர் இருந்து, ‘எல்’ உதிர்ந்து ‘யாகோவ்’ மட்டும் மிஞ்சியிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. இதே வேரில் அமைந்த பெயர்கள் விவிலியத்துக்கு வெளியிலும் கிடைக்கின்றன. மேற்காசியாவிலிருந்து வந்து பழைய எகிப்தை ஆண்ட ஹிக்சோஸ் வம்சத்து ஆட்சியாளர் ஒருவரின் பெயர் ‘யாகூப்-ஹர்’. குதிகால் கதை, பெயரை வைத்துக் கட்டிய கதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெற்றவர்கள் பிள்ளைக்கு ‘எத்தன்’ என்று பெயர் வைப்பார்களா என்ற சாதாரணக் கேள்வியும் இதற்குத்தான் துணை நிற்கிறது.

எபிரேய யாகோவ், கிரேக்கத்தில் யாக்கோபோஸ் ஆனது, லத்தீனில் யாக்கோபுஸ். புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர் கொண்டவர்கள் பலர். நமக்கு வேண்டியவர் செபதேயுவின் மகன், யோவானின் அண்ணன், கலிலேயக் கடலில் வலை போட்ட மீனவர். பன்னிரு சீடர்களில் இன்னொரு யாக்கோபும் இருந்ததால் இவரைப் ‘பெரிய யாக்கோபு’ என்று பிரித்துச் சொல்வார்கள். கி.பி. 44 வாக்கில் முதலாம் ஏரோது அகிரிப்பா இவரை வாளால் கொன்றதை அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பன்னிருவரில் முதலில் உயிர்விட்டவர் என்று மரபு கொண்டாடுவது இவரைத்தான்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் ஈசாக்கின் மகனும் யாக்கோபு, செபதேயுவின் மகனும் யாக்கோபு. இரண்டும் ஒரே பெயர் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆங்கிலத்தில் முதலாமவர் ஜேக்கப், இரண்டாமவர் ஜேம்ஸ். லத்தீனிலேயே யாக்கோபுஸ் என்பதற்கு ‘யாக்கோமுஸ்’ என்றொரு பேச்சுவழக்கு வடிவம் கிளைத்திருந்தது. ப, ம இரண்டுமே உதட்டில் பிறப்பவை, மாறிவிடும். அந்த ‘ம்’ வடிவத்திலிருந்து வந்தவைதான் ஆங்கில ஜேம்ஸ், இத்தாலிய ஜாக்கோமோ, கத்தலான் ஜவ்மெ, ஸ்பானிய ஹைமே. கொலம்பிய வீரரின் ‘ஹாமெஸ்’, ஆங்கில ஜேம்ஸைக் கடன் வாங்கி ஸ்பானிய எழுத்துமுறைப்படி வாசித்தது.

நாலு படிகளில் சந்தியாகோ

லத்தீன் ‘சாங்க்துஸ் யாக்கோபுஸ்’ எப்படி ‘சந்தியாகோ’ ஆனது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. தேவாலயம், திருநாள், கல்லறை என்று எதைச் சொன்னாலும் ‘புனித யாக்கோபுவின்’ என்றுதான் மக்கள் வாயில் வரும். லத்தீனில் அது ‘சாங்க்தி யாக்கோபி’. அந்த வேற்றுமை வடிவமே நாக்கில் தங்கியது.

2. இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும் வல்லின ‘க்’ ஸ்பானியத்தில் மெலிந்தது. நண்பனைக் குறித்த ‘அமீக்குஸ்’ ‘அமீகோ’ ஆனது. ஏரியைக் குறித்த ‘லாக்குஸ்’ ‘லாகோ’ ஆனது. தமிழ் பேசுபவருக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. ‘பக்கம்’ என்பதில் வல்லோசையாக இருக்கும் ககரம், ‘பகல்’ என்பதில் தானாக மெலிகிறதே, அதே வேலைதான். யாக்கோபு இந்த வழியில் ‘யாகோபே’ ஆனார்.

3. வால் தேய்ந்தது. ‘யாகோபே’ சுருங்கி ‘யாகுவே’, பிறகு ‘யாகோ’. ஸ்பானிய மொழியின் மிகப் பழைய வீரகாவியத்தில் கிறிஸ்தவப் படை எழுப்பும் முழக்கம் ‘சந்தி யாகுவே’ என்றே இருக்கிறது. யாகுவே இன்றும் ஸ்பெயினில் குடும்பப் பெயராக வாழ்கிறது.

4. பட்டமும் பெயரும் ஒட்டின. ஸ்பானியத்தில் ஆண் புனிதர் பெயருக்கு முன் ‘சாந்தோ’ என்பது ‘சான்’ எனக் குறுகும்: சான் பெத்ரோ, சான் ஹுவான், சான் பிரான்சிஸ்கோ. தொமாஸ், தொமிங்கோ போல ‘தொ’வில் தொடங்கும் பெயர்களுக்கு முன் மட்டும் ‘சாந்தோ’ முழுசாக நிற்கும். மற்ற இடங்களில் ‘த்’ உதிர்ந்துவிட்டது. ‘யாகோ’வுக்கு முன்னால் அது உதிராமல், அடுத்து வந்த ஒலியோடு கூடிப் ‘தியா’ என்று அசையாகிவிட்டது.

இடப்பெயர்களில் இப்படி ஒட்டுவது புதிதல்ல. வங்கியால் உலகமே அறிந்த சந்தாந்தேர் நகரின் பெயர், ‘புனித எமெதேரியுஸ்’ என்பது தேய்ந்து ஒட்டியது என்பதே பரவலான விளக்கம். சென்னையின் சாந்தோம் இதே வகை: போர்ச்சுகீசியரின் ‘சாவ் தொமே’, அதாவது புனித தோமா. ஊருக்கு அமைந்தது பிள்ளைக்கும் அமைந்ததுதான் சந்தியாகோவின் தனித்தன்மை.

ஒட்டு எவ்வளவு இறுகியது என்பதற்கு ஸ்பானிய விவிலியமே சாட்சி. புரொட்டஸ்டன்ட் மக்கள் அதிகம் படிக்கும் பதிப்பில், நற்செய்திகளில் வரும் திருத்தூதர் ‘ஹகோபோ’. ஆனால் யாக்கோபு நிருபத்தைத் திறந்தால் முதல் வரியில் ‘தேவனுக்கு ஊழியக்காரனாகிய சந்தியாகோ’ என்று இருக்கும். எழுதியவர் பணிவாகத் தன்னை ஊழியக்காரன் என்கிறார். கூடவே தன்னைப் புனிதர் என்றும் சொல்லிக்கொள்கிறார். படிப்பவர் யாருக்கும் அது உறுத்துவதில்லை. மாறாக இங்கிலாந்தின் அரசர் முதலாம் ஜேம்ஸ் ஸ்பானியத்தில் ‘முதலாம் ஹகோபோ’. அரசருக்குப் புனிதர் பட்டம் தர முடியாதல்லவா!

தப்பாக வெட்டியதில் பிறந்த பெயர்கள்

ஒட்டியதைத் திரும்பப் பிரிக்கும்போதுதான் கோளாறு. சந்தியாகோவைக் கேட்பவர், ‘சான்’ என்ற வழக்கமான பட்டத்தை மனதில் வைத்து ‘சான் + தியாகோ’ என்று வெட்டுகிறார். சரியான வெட்டு ‘சாந்த் + யாகோ’. தப்பான வெட்டில் ஒரு ‘த்’ இனாமாகக் கிடைத்து ‘தியாகோ’ என்ற புதுப் பெயர் பிறந்தது. போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் அதுவே நிலைத்துவிட்டது. சரியாக வெட்டிய ‘யாகோ’ கலீசியாவில் வாழ்கிறது. ஸ்பெயினின் வடமேற்கில் இருக்கும் அந்தப் பகுதியில்தான் கொம்போஸ்தெலா இருக்கிறது. யாகோ அஸ்பாஸும் கலீசியர்தான்.

அப்புறம் தியேகோ. ‘சான் தியாகோ’ என்பதிலிருந்து தியாகோ, அதிலிருந்து தியேகோ என்று வந்தது என்பது ஸ்பெயினில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விளக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பழைய ஆவணங்கள் இதற்கு இடம் கொடுப்பதில்லை. இடைக்கால லத்தீன் பத்திரங்களில் தியேகோக்களின் பெயர் ‘திதாக்குஸ்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் புர்கோஸ் நகரை நிறுவிய பிரபு ஒரு தியேகோ. வீரகாவிய நாயகன் எல் சித்தின் இயற்பெயரான ரொத்ரிகோ தியாஸ் என்பதற்கு ‘தியேகோவின் மகன் ரொத்ரிகோ’ என்று பொருள். லத்தீனில் அவர் ‘ரொதெரிக்குஸ் திதாசி’. யாக்கோபுஸின் சாயல் எதிலும் இல்லை. ஆகவே தியேகோ தனி வேர் கொண்ட பழைய பெயராக இருந்து, ஒலி ஒற்றுமையால் பிற்காலத்தில் சந்தியாகோவின் சொந்தக்காரனாகக் கருதப்பட்டிருக்க வேண்டும் என்ற வாதமே வலுவாகத் தெரிகிறது.

அமெரிக்காவின் சான் தியேகோ நகரும் திருத்தூதர் பெயரால் அமைந்ததில்லை. 1588இல் புனிதராக அறிவிக்கப்பட்ட அல்கலா நகரத்து பிரான்சிஸ்கன் துறவி தியேகோவின் பெயரை 1602இல் அந்த விரிகுடாவுக்கு வைத்தவர் செபஸ்தியான் விஸ்கையினோ.

மீனவர் எப்படி ஸ்பெயின்காரர் ஆனார்?

யாக்கோபு எருசலேமில் இறந்தார். அப்படியிருக்க ஸ்பெயினில் ஏன் இவ்வளவு ஆரவாரம்? மரபுக்கதை இப்படிப் போகிறது: அவர் உயிரோடிருக்கும்போது ஸ்பெயின் வரை வந்து போதித்தார். திரும்பிப்போய்க் கொல்லப்பட்டார். சீடர்கள் உடலைப் படகில் ஏற்றிக் கலீசியாவின் கரைக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். கல்லறை மறக்கப்பட்டது. 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாயோ என்ற தவசி ஒருவர் காட்டின்மேல் விநோத ஒளிகளைக் கண்டு ஆயருக்குச் சொன்னார்.

இதில் வரலாற்றின் கைக்கு அகப்படுபவர் ஆயர் மட்டுமே. இரியா நகரின் ஆயர் தெயோதொமிரோ என்பவர் 820-830 வாக்கில் அந்த இடத்தில் ஒரு பழைய ரோமானியக் கல்லறையைப் பார்த்து, இது யாக்கோபுவுடையது என்று அறிவித்தார். அஸ்துரியாஸ் அரசர் இரண்டாம் அல்போன்சோ நேரில் வந்து வணங்கி முதல் கோவிலைக் கட்டினார். தெயோதொமிரோவே கற்பனைப் பாத்திரம் என்று நினைத்தவர்கள் உண்டு. 1955இல் பேராலயத்தின் தரைக்கு அடியில் நடந்த அகழாய்வில் 847 என்ற இறப்பு ஆண்டோடு அவருடைய கல்லறைப் பலகை கிடைத்தது. கல்லறையில் இருந்தது யாருடைய எலும்பு என்பது நம்பிக்கையின் பாடு. ஆயர் ஒருவர் தன் ஆசனத்தை விட்டு அந்தக் காட்டு மூலையில் புதைக்கப்படும் அளவுக்கு அதை நம்பினார் என்பது கல்லில் இருக்கிறது.

காலத்தைக் கவனித்தால் அரசரின் ஆர்வம் புரியும். 711இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம் படைகள் ஐபீரியத் தீபகற்பத்தின் பெரும்பகுதியைப் பிடித்திருந்தன. வடக்கு மலையோரத்தில் ஒடுங்கியிருந்த சின்ன ராஜ்யத்துக்கு ஒரு திருத்தூதரின் கல்லறை என்பது படையை விடப் பெரிய பலம். ரோமுக்கு பேதுரு, எங்களுக்கு யாக்கோபு. 997இல் முஸ்லிம் ஸ்பெயினின் தலைநகரான கொர்தொபாவின் தளபதி அல்மன்சோர் கொம்போஸ்தெலாவைச் சூறையாடினார். கல்லறையைத் தொடவில்லை, கோவில் மணிகளைக் கிறிஸ்தவக் கைதிகளின் தோளில் ஏற்றிக் கொர்தொபாவுக்குக் கொண்டுபோனார். 1236இல் கொர்தொபா கிறிஸ்தவர் கையில் வீழ்ந்தபோது மணிகள் முஸ்லிம் கைதிகளின் தோளில் திரும்பி வந்தன. பெயரின் மேல் ஏறிய பாரம் எப்படிப்பட்டது என்பதை இந்த மணிகள் காட்டும்.

‘கொம்போஸ்தெலா’வுக்கு ‘விண்மீன் வயல்’ என்று பொருள் சொல்வது அந்த ஒளிகளின் கதையை ஒட்டி. புதைகுழியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது இன்னொரு கருத்து.

வலையை வைத்தவர் வாளை எடுத்தார்

844இல் கிளாபிஹோ என்ற இடத்தில் நடந்த போரில் சந்தியாகோ வெள்ளைக் குதிரையில் வந்து மூர்களை, அதாவது ஸ்பெயினைப் பிடித்திருந்த முஸ்லிம்களை, வெட்டிச் சாய்த்தார் என்பது அடுத்த கதை. அப்படி ஒரு போரே நடந்ததற்குச் சான்றில்லை. கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் அரச பட்டயம் 12ஆம் நூற்றாண்டில் தயாரான போலி. போலிக்குக் காரணம் எளிது. வெற்றிக்கு நன்றியாகத் தேசம் முழுவதும் கொம்போஸ்தெலாவுக்குத் தானியமும் திராட்சை ரசமும் ஆண்டுதோறும் தரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. ‘சந்தியாகோ நேர்ச்சை’ என்ற இந்த வரியை 1812இல் காதிஸ் நகரில் கூடிய ஸ்பானிய நாடாளுமன்றம் ரத்து செய்யும் வரை குடியானவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

குதிரையில் ஏறிய இந்த உருவத்துக்கு ‘மாதாமோரோஸ்’ என்று பெயர்; மூர்களைக் கொல்பவர். (மெக்சிகோவின் மாதாமோரோஸ் நகருக்கு இவரோடு சம்பந்தமில்லை. அது சுதந்திரப் போராட்ட வீரர் மரியானோ மாதாமோரோஸின் பெயர்.) கொம்போஸ்தெலா பேராலயத்தில் இந்தச் சிலை இன்றும் இருக்கிறது. 2004இல் அதை அகற்றப்போவதாகச் செய்தி வந்து பெரிய சர்ச்சையானது, அகற்றவில்லை. குதிரைக் காலடியில் வெட்டுண்டு கிடக்கும் மூர்கள் தெரியாதபடி பூக்களை அடுக்கி வைக்கிறார்கள். சிலையும் இருக்கவேண்டும், சங்கடமும் கூடாது என்றால் பூதான் வழி போலிருக்கிறது.

போர் முழக்கத்திலும் ஒரு குழப்பம் உண்டு. ‘சந்தியாகோ, இ சியெர்ரா எஸ்பான்யா’ என்பதை இன்றைய ஸ்பானியத்தில் படித்தால் ‘சந்தியாகோ, ஸ்பெயினை மூடு’ என்று தோன்றும். பழைய படைமொழியில் ‘சியெர்ரா’ என்றால் எதிரியோடு நெருங்கி மோது என்று பொருள். ‘சந்தியாகோ! பாய்ந்து தாக்கு, ஸ்பெயினே!’ என்பதே முழக்கம்.

1170இல் காசெரெஸில் சந்தியாகோ பேரால் ஒரு போர்த்துறவியர் சபை தொடங்கியது. சின்னம், வாள் வடிவில் முடியும் சிவப்புச் சிலுவை. இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால் மாட்ரிட்டின் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தைப் பாருங்கள். தியேகோ வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்தது. இடப்பக்கம் தூரிகையோடு நிற்கும் கறுப்பு உடைக்காரர் ஓவியரே. அவர் மார்பில் அந்தச் சிவப்புச் சிலுவை. ஆனால் அவர் சபையில் சேர்க்கப்பட்டது 1659இல்தான். சிலுவை பிறகு சேர்த்து வரையப்பட்டது. சேர்வதற்கு அவர் பட்ட பாடு சின்னதல்ல: குலம் உயர்ந்தது, கைத்தொழில் செய்து பிழைக்கவில்லை, முன்னோரில் யூதரோ முஸ்லிமோ இல்லை என்றெல்லாம் சாட்சிகளைக் கூட்டி நிரூபிக்கவேண்டும். அந்த விதிப்படி பார்த்தால், கலிலேயாவில் வலை இழுத்துப் பிழைத்த யூதரான யாக்கோபுவுக்கே தன் பெயரில் இருந்த சபையில் இடம் கிடைத்திருக்காது.

கடல் கடந்தபோது: இடியின் பெயர்

ஸ்பானியர் அமெரிக்காவுக்குப் போனபோது பெயரும் கப்பலேறியது. சந்தியாகோ தெ கூபா 1515இல். பெத்ரோ தெ பல்திபியா நிறுவிய சிலியின் தலைநகர் 1541இல். வெனிசுவேலாவின் கராகஸுக்குக்கூட முழுப்பெயர் ‘சந்தியாகோ தெ லெயோன் தெ கராகஸ்’. இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பெருவில் நடந்ததுதான் சுவாரசியமானது.

1536இல் இன்கா அரசர் மான்கோ இன்காவின் படை குஸ்கோ நகரை முற்றுகையிட்டது. சந்தியாகோ வெள்ளைக் குதிரையில் வந்து தங்களைக் காத்ததாக ஸ்பானியர் பிறகு சொன்னார்கள். மூர்களின் இடத்தில் இன்காக்களை வைத்து ‘மாதாஇந்தியோஸ்’, இந்தியரை (ஸ்பானியர் அமெரிக்கப் பழங்குடியினரை அப்படித்தான் அழைத்தார்கள்) கொல்பவர், என்ற உருவமும் குஸ்கோவில் உருவானது. ஆனால் ஆண்டிஸ் மலைத்தொடரில் வாழ்ந்த மக்கள் இதை வேறு மாதிரி வாங்கிக்கொண்டார்கள். ஸ்பானியர் ‘சந்தியாகோ’ என்று கத்திக்கொண்டு துப்பாக்கியைச் சுடுகிறார்கள். நெருப்பும் முழக்கமும் கிளம்புகிறது. ஆண்டிஸ் மக்களுக்கு ஏற்கெனவே இடிக்கும் மின்னலுக்கும் ஒரு தெய்வம் உண்டு, இய்யாபா என்று பெயர். ஆக, சந்தியாகோ இய்யாபாதான் என்று முடிவுகட்டினார்கள். இதில் யாரும் திட்டமிடாத பொருத்தம் ஒன்று. மாற்கு நற்செய்தியில் யாக்கோபுவுக்கும் யோவானுக்கும் இயேசு வைக்கும் பட்டப்பெயர் ‘பொவனெர்கேஸ்’, இடிமுழக்க மக்கள்.

இரட்டைக் குழந்தை பிறந்தால் ஒன்று மின்னலின் பிள்ளை என்பது ஆண்டிஸ் நம்பிக்கை. அந்தக் குழந்தைக்கு ‘சந்தியாகோ’ என்று பெயர் வைக்க ஆரம்பித்தார்கள். பாதிரிகள் விழித்துக்கொண்டார்கள். பழங்குடி வழிபாடுகளை ஒழிப்பதற்காக 1621இல் லிமாவில் அச்சான கையேடு ஒன்று, இந்தியர்கள் யாரும் மின்னலின் பெயரை வைக்கக்கூடாது, சந்தியாகோ என்றும் வைக்கக்கூடாது, ‘தியேகோ’ என்று வைக்கலாம் என்று விதித்தது. மீறினால் கசையடி. ஸ்பெயினின் காவல் புனிதரின் பெயரை ஸ்பானியத் திருச்சபையே தடை செய்யவேண்டி வந்தது. தடைக்கு மாற்றாகத் தியேகோவைத் தந்ததிலிருந்து, வேர் எதுவானாலும் 17ஆம் நூற்றாண்டு மக்களுக்கு இரண்டும் ஒரே பெயராகத்தான் தோன்றியது என்பதும் தெரிகிறது.

இன்றைய புழக்கம்

புனிதப் பட்டத்தைச் சுமந்த பெயர் என்பதை இன்று வைப்பவர்கள் யோசிப்பதில்லை. நரம்பு செல்களை வரைந்து காட்டி 1906இல் நோபல் பரிசு பெற்ற சந்தியாகோ ரமோன் இ கஹால் (இதில் ‘ரமோன்’ அப்பா வழிக் குடும்பப்பெயர், ‘கஹால்’ அம்மா வழி), கட்டடக் கலைஞர் சந்தியாகோ கலத்ராவா, 1943 முதல் 1978 வரை ரியால் மாட்ரிட் தலைவராக இருந்த சந்தியாகோ பெர்னபேவு எல்லாருக்கும் இது ஒரு சாதாரணப் பெயர்.

வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயரில்தான் வேடிக்கை. ஸ்பெயினில் ‘சந்தி’ என்பார்கள். அதாவது பெயர் போய்விட்டது, பட்டம் மட்டும் மிச்சம். ஸ்ரீராமை ‘ஸ்ரீ’ என்று கூப்பிடுவது போலத்தான். லத்தீன் அமெரிக்காவின் ‘சாகோ’ வாலைப் பிடித்துக்கொண்டது.

தமிழ்க் கரையில் சந்தியாகு

16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசியர் வழியாக இந்தப் பெயர் தமிழ்க் கடலோரத்துக்கும் வந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் வேதாகமப் பெயர்களை இரண்டு வழியில் எடுத்தார்கள். ஒன்று, பொருளைத் தமிழாக்குவது: பவுல் என்றால் சிறியவர், ஆகவே சின்னப்பர், யோவானில் ‘அருள்’ இருக்கிறது, ஆகவே அருளப்பர். இன்னொன்று, ஒலியை அப்படியே வாங்குவது. யாக்கோபு இரண்டாம் வழியில் வந்து ‘யாகப்பர்’, ‘சந்தியாகப்பர்’ ஆனார், பிள்ளைகளுக்குச் ‘சந்தியாகு’.

இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் சந்தியாகப்பர் ஆலயம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் யாகப்பர் ஆலயம். கிளாலியில் அவர் பெயர் ‘சந்தியோகுமையோர்’. முதலில் கேட்பவருக்கு இது புரியாது. போர்ச்சுகீசியத்தில் ‘மையோர்’ என்றால் பெரியவர்; பெரிய யாக்கோபு என்று பிரித்துச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. ‘புனித சந்தியாகப்பர்’ என்று எழுதும்போது புனிதர் பட்டம் இரண்டு தரம் வந்துவிடுகிறது, தமிழில் ஒன்று, லத்தீன் வழியில் ஒன்று. ஒரே ஊரில் யாக்கோபு, சந்தியாகு, ஜேம்ஸ் என்று மூன்று பேர் இருந்தால் மூவரும் பெயரளவில் ஒருவரே.

தமிழில் இந்தப் பெயரை எப்படி எழுதுவது என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில். பத்திரிகைகளில் ‘சாண்டியாகோ’, ‘சான்டியாகோ’ என்று வருகிறது. அந்த டகரம் ஆங்கில வாயின் வழியாக வந்தது. ஸ்பானியத்திலும் போர்ச்சுகீசியத்திலும் அந்த இடத்தில் நாக்கு பல்லைத் தொடும். நம் தகரம்தான் சரி. ஐரோப்பியப் போர்ச்சுகீசியத்தில் சொல்லின் கடைசியில் அழுத்தமில்லாமல் வரும் ஓகாரம், உகரம் போலத்தான் ஒலிக்கும். ககரமோ உயிர்களுக்கு நடுவே மெலிந்து நிற்கும். அகராதியோ ஒலிப்பதிவோ இல்லாத காலத்தில், காதால் கேட்ட ஒருவர் அதைத் ‘சந்தியாகு’ என்று சொன்னார். மூன்று இடத்திலும் அவர் காது சரியாகவே கேட்டிருக்கிறது.